மூன்றாவது தடவை

நேற்றுச் சாயங்காலம், மூட்டம் இறங்கியிருந்த நேரம், பின்கதவுப் பக்கம் யாரோ "செல்வி" என்று கூப்பிட்டார்கள். அடுப்பில் பால் வைத்திருந்தேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "செல்வி". நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

நீங்கள் சிரிக்கலாம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்துக்கொடுத்துப் பென்ஷன் வாங்குகிறவள்தான் நான். ஆனால் பிறந்தது இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அங்கே பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இந்தச் சட்டம் வந்துவிடும். இருட்டிலோ பனிமூட்டத்திலோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. மனுஷராக இருந்தால் மூன்று தடவை கூப்பிடுவார். முனி இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்ளும், பதில் கொடுத்தவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடும். கொழுந்து எடுக்கிற மலையில் மூட்டம் இறங்கினால் அடுத்த நிரையில் நிற்கிறவள் முகம் தெரியாது. அம்மாவும் மற்றப் பெண்களும் ஒருவரையொருவர் மும்மூன்று தடவை கூப்பிட்டுக்கொள்வார்கள். கீழே லயத்து வாசலில் நிற்கிற எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் நெஞ்சு ஆறும்.

சிந்திய பாலைத் துடைத்தேன். குளிர் ஏறிவிட்டதால் பெட்டியிலிருந்து பழைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்துருண்டை வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனையும் இருக்கிறது, ஈரக் கம்பளியும் ஆற்றுக் காற்றும் கலந்தது. இந்தக் கோட்டை ஹட்டன் டவுனில் நடைபாதைக் கடையில் வாங்கினேன். எந்தக் குளிர்நாட்டுக்காரி போட்டுக் கழித்ததோ, அதை அவளுடைய பக்கத்துக்கே திரும்பவும் கொண்டுபோனது நானாகத்தான் இருக்கும். நானும் புருஷனும் ஜெர்மனிக்குப் போயிருந்தபோது, அங்கே இருக்கிற என் நாத்தனார் அதைப் பார்த்தாள். மறுநாள் தன்னுடைய கோட்டை எடுத்து நீட்டினாள். ரோஷத்தில் வேண்டாமென்றுவிட்டேன்.

அவள்தான் எங்கள் இரண்டு பேரையும் ப்ராக் நகரத்துக்கு ரயிலேற்றி அனுப்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தனியாக எங்கேயும் போனதில்லையே என்று அவளுக்குக் குறை. அவர் ஹட்டனில் ஒரு பேங்க்கில் வேலை பார்த்தார். நான் நோர்வூட்டில் டீச்சர். எங்கள் இரண்டு பேருக்கும் ஊர்சுற்றத் தெரியாது. காலையில் ராஜாக்களின் கோட்டையைப் பார்த்தோம், மத்தியானம் ரூமுக்குத் திரும்பி, கொண்டுபோன இடிசம்பலை ரொட்டியில் தடவித் தின்றோம், சாயங்காலம் ஆற்றுப் பாலத்தில் நின்றோம். அவருக்கு அந்தப் பாலத்தின்மேல் ஒரு பைத்தியம். கடைசி நாள், ரயிலுக்குப் போகிறதற்கு முன்பு அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமென்று விடிந்தும் விடியாமலும் இழுத்துக்கொண்டு போனார்.

போய்ச் சேர்ந்தபோது ஆற்றிலிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நம்ம ஊர் மூட்டமேதான். பாலத்தின் இரண்டு பக்கமும் கறுத்துப்போன சிலைகள். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு வந்து, பேர் கூப்பிடுவதற்காகக் காத்து நிற்கிற ஆட்கள் மாதிரி நின்றன. படம் எடுக்கிறேன் என்று அவர் நாலு எட்டு முன்னே போனார். அவ்வளவுதான், ஆளைக் காணவில்லை.

"செல்வி" என்று கேட்டது. என் வாய் தானாக மூடிக்கொண்டது. மறுபடியும் "செல்வி". குரல் இப்போது கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. இன்னும் ஒன்றுதான், வரட்டும் என்று நின்றேன். வரவேயில்லை. வழி தெரியாது, என் போன் ரூமில் கிடக்கிறது. அதெல்லாம்கூடப் பெரிதாகப் படவில்லை. கூப்பிட்டது அவர் இல்லையென்றால் அவர் எங்கே என்ற ஒன்றுதான் மனதில் நின்றது. பிறகு நானாகக் கத்திப் பார்த்தேன். புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய். "ஏங்க, ஏங்க" என்று கத்தினால் அந்த ஊரில் யார் திரும்புவார்கள்? நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரம்மா மட்டும் நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தம்மா விடவில்லை, நானும் விடவில்லை.

நான் ரூமுக்குத் திரும்பிவிட்டேன் என்று நினைத்து அவர் அங்கே ஓடியிருக்கிறார். இளைக்க இளைக்க வந்து நின்றபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"கூப்பிட்டேனே, ஏன் புள்ள பேசாம நின்ன?"

"ரெண்டு தடவதானங்க கூப்பிட்டீங்க."

அவரும் உடப்புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்தவர், விளக்கம் தேவைப்படவில்லை. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"இந்த ஊருல ஏதுடி முனி?"

இத்தனை பழைய ஊரில் இல்லாமலா இருக்கும் என்றேன்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான். அதன்பிறகு அவர் என்னை மூன்று தடவை கூப்பிடாமல் இருந்ததே கிடையாது. "செல்வி, செல்வி, செல்வி" என்று ஒரே மூச்சில். உப்புக்கும் அப்படித்தான், துண்டுக்கும் அப்படித்தான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வைத்து அப்படிக் கூப்பிட்டு என் மாணவிகள் முன்னால் மானத்தை வாங்கினார். கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடக் கூடாதா என்று எத்தனையோ நாள் அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

போகும்போது மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஹட்டனில் எல்லாரும் இறங்கின பிறகுதான் கண்டக்டர் தட்டிப் பார்த்திருக்கிறார்.

இப்போது மலையிலும் யாரும் கூப்பிட்டுக்கொள்வதில்லை. மூட்டம் இறங்கினால் பெண்கள் சட்டைக்குள்ளிருந்து போனை எடுக்கிறார்கள். போன் அடித்தால் முதல் மணியிலேயே பேசிவிடுகிறோம், அதற்கு முனிப் பயம் கிடையாது. அம்மா இல்லை, அண்ணன்மாரும் இல்லை. இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நான் டீச்சர். செல்வி என்று கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை. நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவராக இருந்தால் மூன்று தடவை கூப்பிட்டிருப்பார். கூப்பிட்டது இரண்டு தடவைதான். ஆனால் அந்தப் பாலத்தில் இரண்டு தடவையோடு நின்றதும் அவர் குரல்தானே?

இன்று சாயங்காலமும் மூட்டம் இறங்கியது. பாலை இறக்கி வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்து நின்றேன். தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து "செல்வி" என்று கேட்டது. நான் எண்ணவில்லை.

"இங்கதாங்க நிக்கிறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டால் எதற்கு இரண்டாவது தடவை கூப்பிட வேண்டும்?