வேலையை விட்ட மகளின் கண்காட்சி

ஸ்கூட்டர் தொழிற்சாலையில் வண்டிகளுக்கு நிறம் பூசும் பெயின்ட் ஷாப் வேலையை விட்டுவிட்டு என் மகள் ஓவியம் வரையத் தொடங்கினாள். எல்லாம் உள்ளங்கை அளவுப் படங்கள். உருவம் கிடையாது, நிறங்கள் மட்டும். ஓசூரில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது மண்டப அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் நான்தான் வாங்கினேன். இத்தனை வருட அரசாங்க உத்தியோகம் அதற்காவது உதவியது.

வந்தவர்கள் அவளுடைய பழைய பெயின்ட் ஷாப் ஆட்கள் மட்டுமே. தொழில் பழக்கத்தில் ஒவ்வொரு படத்தின் முன்னும் தலையைச் சாய்த்து, பூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒருவர் நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

“இங்க வழிஞ்சிருக்கு மேடம். ரீவொர்க் போட்டு மறுபடி பூசிடலாமா?”

“வேணும்னுதான் வழிய விட்டேண்ணா” என்று சிரித்தாள்.

அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தாள். “எப்படிப்பா இருக்கு?” திரும்ப வேலைக்குப் போவதா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

“எல்லாத்தயும் நேரா மாட்டியிருக்கம்மா. எங்கயும் கோணல் இல்ல.”

“நான் படத்தப் பத்திக் கேட்டேன்.”

அதற்கு எந்த அரசாங்க விதியும் நினைவுக்கு வரவில்லை. “இதெல்லாம் எனக்குப் புரியாதும்மா” என்றேன்.

“சுரண்டினாலும் அவங்களாவது படத்துப் பக்கத்துல வந்து பாத்தாங்கப்பா.”

அன்று மாலையே பழைய சூப்பர்வைசருக்குப் போன் செய்து, வேலை காலி இருக்கிறதா என்று கேட்டாள்.