பதினெட்டுப் பக்கமும் ஒரு ரப்பரும்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்குக் கையைவிடக் காது முக்கியம். ஏழாவது மாடியில் கதவு முனகுவதைத் தரைத்தளத்தில் நின்று கேட்டு, எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் இந்த மனிதர். ஆனாலும் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் பொம்மைக்காரர். சம்பளம் வந்த வாரம் மற்றவர்கள் கடனை அடைக்க ஓடுவார்கள். இவர் காமிக்ஸ் பக்கம் தேடிக் கிளம்பிவிடுவார். அச்சடித்த புத்தகத்தை இவர் தொடமாட்டார். அச்சாவதற்கு முன்னால் ஓர் ஆள் கையால் வரைந்த அசல் பக்கம்தான் வேண்டும். கெட்டி அட்டை, அதன்மேல் பென்சில், பென்சில்மேல் மை, கை தவறிய இடத்தில் வெள்ளைப் பூச்சு, பேச்சை வேறு தாளில் எழுதி வெட்டி ஒட்டிய துண்டு. உலகத்தில் அதைப் போல இன்னொன்று கிடையாது.

இருபத்து மூன்று வருடத்தில் எழுபத்தெட்டுப் பக்கம் சேர்ந்திருந்தது. எல்லாம் பரணில், தகரப் பெட்டியில், பூச்சி மருந்து போட்டு. அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஆஸ்பத்திரிச் சீருடை தைப்பவர். ஒவ்வொரு பக்கம் வீட்டுக்குள் நுழையும்போதும் ஒரே பேச்சுதான் நடக்கும்.

“ஏங்க, இதுக்கு வட்டி வருமா?”

“முதலீடும்மா. வருஷம் போகப் போக ஏறும்.”

“ஏறிச்சே பரணுக்கு. அதான பாக்கறேன்.”

முதலீடு என்று சொன்னாரே தவிர, அதை விற்க வேண்டிய நாள் ஒன்று வரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. சேர்க்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் பொய் இது. முதலில் வீட்டுக்குச் சொல்வார்கள், பிறகு தாங்களே நம்பிவிடுவார்கள்.

அந்த நாள் வந்தது. கம்பெனி பராமரிப்புப் பிரிவை மூடி வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டது. யாரையும் கேட்கவில்லை, எட்டு வரிக் கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வேலை போன ஆறு பேரில் இவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து சொந்தமாக லிஃப்ட் சர்வீஸ் தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள். லைசென்சுக்கு மாதக் கடைசிக்குள் வைப்புத்தொகை கட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு பங்கு. மற்ற இரண்டு பேரும் எங்கெங்கோ புரட்டிவிட்டார்கள். பொம்மைக்காரரின் பங்கு பரணில் இருந்தது. கட்டத் தவறினால் ஐம்பத்திரண்டு வயதில், காண்ட்ராக்ட்காரனிடம் பாதிச் சம்பளத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

“ஏறியிருக்குன்னுதான சொன்னீங்க?” என்றார் மனைவி. “அப்ப எறக்குங்க.”

இறக்கினார். இருப்பதிலேயே உயர்ந்தது ஒரு முழுக்கதை, பதினெட்டுப் பக்கம். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி புயல் நாளில் கடத்தல்காரர்களைப் பிடிக்கும் கதை. பழைய பேப்பர் கடையில் சணல் கயிறு போட்டுக் கட்டிக்கிடந்ததை எடைக்கு வாங்கியது. அசல் சேர்க்கிறவர்களிடம் ஒரு நியதி உண்டு: முழுக்கதை கிடைத்தால் பிரிக்கக் கூடாது. ஒரு பக்கத்தைத் தனியாக உருவி விற்கிறவனை அந்த வட்டாரத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். அதனால் பதினெட்டையும் சேர்த்து விற்பது என்று, அசல் வாங்கி விற்கும் ஒரு வியாபாரியிடம் பேசினார். வியாபாரி போனில் சொன்ன விலை, சரியாக ஒரு பங்குக்கு வந்தது.

விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டுவது போல, அவர் பக்கங்களைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். ஓரமெல்லாம் வெளிர்நீலத்தில் கிறுக்கல், உருவங்களைச் சுற்றியும் நீலக்கோடு. நல்ல ரப்பராக வாங்கி வந்து மூன்று நாள் சாயங்காலம், மையில் கீறல் விழாமல், பொறுமையாகத் தேய்த்தார். பக்கம் பளிச்சென்று ஆனது. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைத்துவிட்டார்.

வியாபாரி வந்தார். தையல் மேஜையில் பக்கங்களைப் பரப்பினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நான்காவது பக்கத்தில் நிமிர்ந்தார்.

“சார், இத யாரு தொடச்சது?”

“நான்தான். ஓரமெல்லாம் நீலமா ஒரே அழுக்கு.”

“அழுக்கா?” வியாபாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “சார், அச்சகத்துக் கேமராவுக்கு வெளிர்நீலம் தெரியாது. அதனாலதான் நீலத்துல கோடு போடுவாங்க, நீலத்துலயே குறிப்பு எழுதுவாங்க. எந்த மாசம், யாரு கை, எங்க மை போடணும், எல்லாம் அதுலதான் இருக்கும். வீட்டுப் பத்திரத்துல கையெழுத்த அழிச்ச மாதிரி பண்ணியிருக்கீங்களே!”

மெஷினுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. “கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாள் தரை தொடச்சதில்ல இவரு.”

பொம்மைக்காரர் வியாபாரி பக்கம் திரும்பினார். “இப்ப என்ன வெல?”

“அசல்தான்னு எனக்குத் தெரியுது. வாங்கறவனுக்கு? நல்ல நகல்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பான். பேசின வெலையில மூணுல ஒண்ணு தரேன்.”

“வேற வழியே இல்லையா?”

“வரஞ்சவங்க உயிரோட இருந்து, என் கண்ணு முன்னால இது என் கைதான்னு காட்டினா, பேசின வெல. பத்து நாள் பாக்கறேன் சார்.”

அந்தக் கதை வந்த புத்தகத்தில் அச்சாகியிருந்த பெயர், கூலிக்கு ஆள் வைத்து வரைய வைத்த படக்கூடத்து முதலாளியுடையது. அவர் செத்துப் பல வருடம் ஆகிறது. பொம்மைக்காரர் அச்சகத்தில் கேமரா ஓட்டிய பழைய ஆளைத் தேடிப் பிடித்தார். முதலாளியின் பெயரைக் கேட்டதும் கேமராக்காரர் சிரித்தார்.

“அவரா? அவரு பேனா புடிச்சு நான் பாத்தது செக்குல கையெழுத்துப் போடத்தான். அந்தக் கலங்கர வெளக்குக் கதைக்குப் பென்சிலும் மையும் ஒரு அம்மா. இப்ப கண்ணு வரையறாங்க.”

“எந்தக் கண்ணு?”

“விலாசம் தரேன், நேராப் போய்ப் பாருங்க.”

உழைத்தவர் பெயர் விட்டுப்போவது மறதியால் நடப்பதில்லை. அது ஓர் ஏற்பாடு. படக்கூடத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, பெயர் கிடையாது, வரைந்த பக்கம் திரும்பி வராது. வாய் திறந்தால் வாசலில் வேறு ஆள் நிற்பான்.

மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகச் செயற்கைக் கண்கள், விழி இல்லாமல். அறுபத்தைந்து தாண்டிய அந்த அம்மா இடது கையில் மயிரிழைத் தூரிகை பிடித்து, பக்கத்தில் ஒரு மனிதரின் நல்ல கண்ணின் போட்டோவை வைத்துக்கொண்டு, அதற்கு ஜோடியாகப் பழுப்பு விழி தீட்டிக்கொண்டிருந்தார். பொம்மைக்காரர் பெட்டியைத் திறந்தார். அந்த அம்மா கதாநாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தார்.

“நீலம் எங்க தம்பி?”

“அழிச்சிட்டேன்மா. தெரியாம.”

“பதினெட்டுலயுமா?”

“பதினெட்டுலயும்.”

ஒவ்வொன்றாகப் புரட்டினார். “மை ஒரு எடத்துலயும் மங்கல. முட்டாள் வேலையக் கூடச் சுத்தமாத்தான் செஞ்சிருக்கீங்க.” அடுத்த பக்கத்தில் விரல் நின்றது. “படக்கூடத்த விட்டு வரும்போது என் பக்கத்தக் கேட்டேன். பழசெல்லாம் எரிச்சாச்சுன்னாங்க. உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?”

“பழைய பேப்பர் கடையில. எடைக்கு.”

“எத்தன கிலோ?”

“ரெண்டரை.”

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “மாசம் ரெண்டு பக்கம். ஒம்பது மாசம், ரெண்டரை கிலோ. பொறந்த கொழந்த எட! சரி, என் கைதான்னு காட்டறேன். எனக்கு என்ன தருவீங்க?”

பொம்மைக்காரர் பக்கங்களை அடுக்க ஆரம்பித்தார். இருபத்து மூன்று வருடம் பக்கம் பக்கமாகக் காதலித்தவர், வரைந்தவருக்கு ஏதாவது சேர வேண்டுமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பஸ்ஸில் வரும்போதும் யோசிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. எல்லோரையும் போலப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

“நானே சொல்றேன். விக்கறதுல பாதி. விக்கற எடத்துல மொதல்ல என் பேரு. ரெண்டையும் எழுத்துல குடுங்க, வாய்ப்பேச்சு நான் நெறையக் கேட்டாச்சு.”

“கால் பங்குன்னா…”

“தம்பி, இந்தக் கண்ணு நாளைக்கு ஒருத்தருக்கு வேணும். வெளிச்சத்த மறைக்காதீங்க.”

பொம்மைக்காரர் நகர்ந்து நின்றார். பாதியைக் கொடுத்தால் அரைப் பங்குதான் மிஞ்சும். கூட்டாளிகள் ஏற்பார்களா தெரியாது. கொடுக்காமல் போனால் மூன்றில் ஒன்று, அதுவும் இந்த அம்மாவைத் தெரிந்துகொண்ட பிறகு. தன்னைக் கேட்காமல் கம்பெனி எழுதிய அந்த எட்டு வரிக் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. அதன் பின்பக்கம் வெற்றாக இருந்தது. அதிலேயே எழுதினார்: பாதி, பெயர் முதலில். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை வியாபாரி அங்கே வந்தார். அந்த அம்மா புயல் காட்சியை அவர் முன்னால் தள்ளினார்.

“மழ எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க.”

இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்தது. பதினெட்டுப் பக்கத்திலும் அப்படியே. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் மழை மட்டும் அப்படித்தான் விழுந்தது.

“வலது கைக்காரங்களுக்கு மழ இதுக்கு எதிர்ப்பக்கம் சாயும். முதலாளிக்கு வலது கை. அந்தக் கூடத்துல எடது கை எனக்கு மட்டுந்தான். மழைய மாத்திப் போடுன்னு ஒரு வருஷம் கத்தினாரு, எனக்கு வரவே இல்ல.” ஒரு துண்டு அட்டையில் மைப்பேனாவால் இருபது கோடு கிழித்தார். அழுந்தித் தொடங்கி, மெலிந்து, நுனியில் ஒரு சின்னக் கொக்கி. வியாபாரி துண்டைப் பக்கத்தருகே வைத்து நெடுநேரம் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

“மழையும் நீங்கதான், புயலும் நீங்கதான். போதும்மா.”

அந்த அம்மா நீலப் பென்சில் எடுத்துப் பதினெட்டுப் பக்கத்தின் ஓரத்திலும் தன் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினார். பழைய தேதி போட்டால் அது பொய் என்றார்.

கதை பிரியாமல் ஒரே ஆளுக்குப் போனது, பேசிய விலைக்கு. விற்பனை அறிவிப்பில் முதல் வரி அந்த அம்மாவின் பெயர். பாதி அன்றைக்கே அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மாதக் கடைசியில் பொம்மைக்காரர் அரைப் பங்கோடு கூட்டாளிகள் முன்னால் நின்றார்.

“அண்ணே, அரைப் பங்குக்கு அர முதலாளிதான்,” என்றான் இளைய கூட்டாளி.

“எந்த அர?”

“காது இருக்கற அர. அது இல்லாம எங்களுக்குத் தொழிலே இல்ல.” மீதியை மற்ற இருவரும் போட்டார்கள். லைசென்ஸ் வந்தது.

மனைவியிடம் விஷயத்தைச் சொல்வதற்குத்தான் அவர் அதிகம் பயந்திருந்தார்.

“பாதியக் குடுத்துட்டீங்களா?”

“குடுத்துட்டேன்.”

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “நான் தைக்கற சட்டைக் காலர்ல எவன் பேரோ இருக்கு. எனக்கு எவனும் பாதி தரல.” சட்டையை மடித்து வைத்தார். “பரண்ல இன்னும் அறுபது இருக்குல்ல, அதெல்லாம் யாரு வரஞ்சது?”

“தெரியாது.”

“ஞாயித்துக்கிழம அந்தக் கேமராக்காரர் வீட்டுல இருப்பாரா?”

“இருப்பாரு. எதுக்கு?”

“நானும் வரேன். அவரு சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன். உங்க கையெழுத்து உங்களுக்கே புரியாது.”

ஞாயிறன்று இருவரும் போனார்கள். கேமராக்காரர் அறுபது பக்கத்தையும் தரையில் விரித்து, கை கையாகப் பிரித்து, நான்கு பேரைச் சொன்னார். அதில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருடைய போன் நம்பரும் அவரிடம் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றார் பொம்மைக்காரர். அதற்குள் மனைவி நம்பரை அழுத்திவிட்டார், மணி அடித்துக்கொண்டிருந்தது.