கவனக்குறைவு

டீனாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவள், அந்த வேலை போன பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தாள். மூன்றாவது மாடி ஐ.சி.யூ. கதவு அவள் பொறுப்பு. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து வரை, ஒரு நோயாளிக்கு ஒருவர், ஐந்து நிமிஷம். மற்ற நேரத்தில் யார் வந்து நின்றாலும், காலிலேயே விழுந்தாலும், அவள் வாயில் ஒரே வார்த்தைதான்: "நாலு மணிக்கு."

நாலு வருஷத்தில் அவள் அதை மீறியதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று முகத்துக்கு நேரே திட்டியவர்கள் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு வெளிக்கிருமி ஆகாது என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். சட்டம் என்று ஒன்று இருந்தால், யாருக்கு இரங்குவது, யாருக்கு இரங்கக்கூடாது என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு முத்தம்மா வந்தாள். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவள். நுரையீரலில் சளி கட்டி, அவள் புருஷனுக்கு மூச்சுவிட வாயில் குழாய் வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"மேடம், இந்தக் கண்ணாடிய மட்டும் அவராண்ட குடுத்துடுறீங்களா? இது இல்லாங்காட்டி அதுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க கீறோம்னே புரியாம பயந்துக்கும்."

அழவில்லை, கெஞ்சவில்லை. கண்ணாடியை முந்தானையில் துடைத்து நீட்டினாள். வெளிப்பொருள் எதையும் உள்ளே அனுப்பக்கூடாது என்பது இன்னொரு சட்டம். டீனா வாயைத் திறந்தாள். வழக்கமான வார்த்தை வரவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு கையைக் கழுவும்மா. நீயே மாட்டிவிட்டுட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துடு."

கதவைத் திறந்துவிட்ட பிறகுதான், தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

முத்தம்மா சொன்னபடி வந்துவிட்டாள். முகம் செத்திருந்தது. "கண்ணாடி போட்டதும் என்னைப் பாத்துச்சு மேடம். ரெண்டு கையையும் கட்டிலோட கட்டி வச்சிக்கீறாங்க. நான் அத பாத்திருக்கவே கூடாது." குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கத்தான் அப்படிக் கட்டுவார்கள் என்று டீனா சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் படியிறங்கிப் போயிருந்தாள்.

எதிர் நாற்காலியிலிருந்து மெஹபூப் அலி எழுந்து வந்தார். அவருடைய மகள் ஆறு நாளாக உள்ளே இருந்தாள்.

"அவங்கள விட்டீங்க. நானும் ஒரு ரெண்டு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேம்மா."

டீனா கதவைச் சாத்தினாள். "நாலு மணிக்கு பாய்."

"இத்தனை நாள்ல நான் ஒரு தடவை கேட்டிருப்பேனா?"

கேட்டதில்லை. அதுதான் அவளைக் குத்தியது. அவரை விட்டால் பின்னால் காத்திருக்கும் ஒன்பது பேரையும் விட வேண்டும். விடாததற்கோ அவளிடம் காரணம் இல்லாமல் போயிருந்தது.

மத்தியானமே யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் தமிழ்மாறன் கூப்பிட்டனுப்பினான்.

"ஏன் விட்டீங்கன்னு எழுதிக் குடுங்கக்கா."

"தோணுச்சு, விட்டேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுக்கா. கவனக்குறைவுன்னு போடுங்க. வார்னிங்கோட முடிஞ்சிடும்."

நாலு வருஷத்தில் அவள் ஒரு ஆளை நிஜமாகக் கவனித்தது அன்றைக்குத்தான். அதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்கத் தெம்பு இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மெஹபூப் அலியிடம், "மன்னிச்சுக்குங்க பாய்" என்றாள்.

"புகார் குடுத்தது நான் இல்லம்மா. அந்தம்மாவை விட்டதும் தப்பில்ல. ஆனா என் முகத்தைப் பாத்துக்கிட்டே கதவைச் சாத்துனீங்க பாருங்க..." முடிக்காமல் போய் உட்கார்ந்துவிட்டார்.

முத்தம்மாவின் புருஷன் எட்டாம் நாள் வார்டுக்கு மாறினான். மெஹபூப் அலி மகளை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதாக ஒரு நர்ஸ் சொன்னாள். அப்புறம் என்ன ஆயிற்றென்று தெரியவில்லை.

டீனா அதே கதவில்தான் நிற்கிறாள். அதன் பிறகு நேரம் தவறி யாரையும் விட்டதில்லை. விடவே கூடாது என்று தீர்மானித்ததும் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் யோசித்து, முடியாது என்கிறாள். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் லியோனார்ட், டீ போடட்டுமா, காபி போடட்டுமா என்று கேட்பார்.

"ஏதோ ஒண்ணு போடுங்க. என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள்.