பதினோராம் பாகம்

வியாழக்கிழமை ஒன்பது மணிப் பேருந்தில், டேப்லெட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பூசணி விதை கொறிப்பவர் வெஸ்கா. குமனோவோவில் என் வீட்டுக்கு மேல்மாடி. எல்லைக்கு அந்தப் பக்கம், செர்பியாவின் ப்ரெஷேவோவில் இறங்கி, காபிக்கடையில் உட்கார்ந்து ஒரு பழைய தொடரில் ஒரே ஒரு பாகம் பார்ப்பார். மத்தியான வண்டியில் திரும்பிவிடுவார்.

அந்தத் தொடரைச் செர்பியாவுக்குள் மட்டும்தான் இணையத்தில் காட்டுகிறார்கள். எங்கள் ஊரில் திறந்தால் 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று கறுப்புத் திரை வரும். நாட்டை மாற்றிக் காட்டும் செயலி இங்கே யாரிடம்தான் இல்லை? கால்பந்துக்காக நானே வைத்திருக்கிறேன். வெஸ்காவிடம் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. இருபத்தாறு வருஷம் சுங்கத்தில் இருந்தவர். முதலில் கிரேக்க எல்லையில், செர்பியாவும் நாங்களும் ஒன்றாயிருந்த நாடு உடைந்தபின் இங்கே முளைத்த புது எல்லையில். "ஜீன்ஸுக்குள்ள ஜீன்ஸ் போட்டு வந்தவன நடையப் பாத்தே பிடிச்சவ நான். இப்ப நானே திருட்டுத்தனமா தாண்டணுமா?"

அடையாள அட்டையே போதும் என்றாலும் பாஸ்போர்ட்டைத்தான் நீட்டுவார். திரும்பும்போது யாரும் கேட்காமலே பையைத் திறந்து, "கால் கிலோ காபித்தூள்" என்பார். இளம் அதிகாரிகள் அவரைக் கண்டாலே தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

பதினோராம் பாகத்தில் எங்கள் தலைநகர் ஸ்கோப்யேயின் ரயில் நிலையம் வருகிறது. படப்பிடிப்பில் கூட்டத்தோடு நடக்க ஆள் தேடியபோது, கல்யாணமான புதிதில் இவரும் கணவர் மெட்டோவும் போயிருக்கிறார்கள். இவருக்கு மஞ்சள் கோட்டு. மெட்டோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "சீக்கிரம் வா, வண்டி போயிடும்" என்று சொல்வாராம். அவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது. அந்தக் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை.

"அப்ப ஒரே நாடு, ஒரே டிவிப்பா. அடுப்புல குடமிளகா கருகினாலும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. நாங்க டிவில வந்த அன்னிக்குப் பாத்து கரண்டு போச்சு."

நான் கேட்டேன்: "நேரா பதினொண்ணையே பாக்கலாமே அத்தே?"

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல."

பத்தாம் பாகம் முடித்த வாரம் படியில் விழுந்து காலில் மாவுக்கட்டு. மாதக் கடைசியோடு தொடரை எடுத்துவிடப் போவதாக அறிவிப்பு வேறு. இன்னும் நான்கே நாள். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்ப்பா, வக்கீலாச் சொல்லு. அந்தச் செயலில பாத்தா உள்ள போடுவாங்களா?"

"அதெல்லாம் இல்ல அத்தே. செயலி வெச்சிருக்கறது குத்தமில்ல. ஆனா தொடரக் காட்டறவங்க நிபந்தனைல அது கூடாதுன்னு இருக்கு, நாமளும் சரின்னு ஒத்துக்கிட்டுத்தான் உள்ள போறோம். தெரிஞ்சா அடுத்த தடவ உள்ள விடமாட்டாங்க."

"அப்ப தப்புதான்."

"சின்னத் தப்பு."

"பையத் தொறக்கறப்ப எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

துண்டைப் பிரித்து டேப்லெட்டை என் முன்னால் வைத்தார். பிறகு, "போடு" என்றார்.

செயலியில் செர்பியாவைத் தேர்ந்தெடுத்தேன். திரை கறுப்பாகவே இருந்தபோது வெஸ்கா கைப்பையைத் துழாவிப் பாஸ்போர்ட்டை எடுத்தார். புகைப்படப் பக்கத்தை விரித்து டேப்லெட்டுக்கு நேரே நீட்டினார். ரயில் நிலையம் வந்தது, மஞ்சள் கோட்டும் வந்தது. மெட்டோ "சீக்கிரம் வா" என்று சொல்லும்வரை நீட்டிய கையை அவர் இறக்கவில்லை.