இடது எஞ்சின் நிற்கும் சத்தம்

பாலம் மேலே தூக்கப்பட்டபின் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லித்தந்த முதல் விஷயம் அதுதான்.

நான் வேலை செய்வது டோர்வல் பக்கத்தில், விமான நிலையத்துக்குக் கிட்ட. எங்கள் மண்டபத்தில் ஆறு இரும்புக் கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். இரண்டு மாடி உயரம். உள்ளே போக ஒரு பாலம் உண்டு; பெட்டி ஆடத் தொடங்குமுன் அதை மேலே தூக்கிவிடுவார்கள். உள்ளே விமானத்தின் முன்பகுதி அப்படியே இருக்கும். இரண்டு ஆசனம், மீட்டர்கள், கைபிடிகள், கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே திரையில் வானம் ஓடும். கால்கள் நீண்டு சுருங்க, பெட்டி சாயும், குலுங்கும். உள்ளே இருக்கும் விமானி உண்மையாகவே பறப்பதாக நினைத்து வியர்த்துப்போவார். அதுதான் சிமுலேட்டர். நான் அதற்கு வயர் கட்டுகிறவள்.

அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்தப் பெரும்பாடு பட்டேன்.

"நீ பிளேன் செய்யிறியோ?"

"பிளேன் இல்லையப்பா. பிளேன் மாதிரி."

"மாதிரி செய்யிறதுக்கு ஏன் உவங்கள் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கள்?"

அவர் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி ஏற்றுகிறவர். பதின்மூன்று வருடம் விமானங்களுக்கு அடியிலேயே நின்றவர், ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். சத்தத்தை வைத்தே எது எது என்று சொல்லிவிடுவார். வன்னியில் பழகிய பழக்கம் அது. பதுங்குகுழிக்குள் நாங்கள் எல்லோரும் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். "கிழக்கால போகுது. எங்களுக்கில்லை" என்பார். மூச்சு விடுவோம். ஒருநாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அன்றைக்குத்தான் போனார். அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

என் படிப்பும் அங்கேதான் நின்றது. நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடமும் எங்களோடு இடம்பெயர்ந்துகொண்டே வந்தது, கடைசியில் அது வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அப்பாவின் காது எனக்கும் வந்துவிட்டது. வேண்டுமென்று பழகவில்லை. பயத்தில் பழகியது.

போன வருடம் ஒரு சின்ன நாட்டின் விமானப்படைக்கு ஒரு சிமுலேட்டர் செய்தோம். அந்த நாட்டின் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. அவர்களிடம் இருந்தது நாலு பழைய விமானங்களாம். அதில் இரண்டை, மற்ற இரண்டுக்கும் பாகம் கழற்றிக்கொடுப்பதற்காகவே நிறுத்தி வைத்திருந்தார்களாம். இப்போது இரட்டை எஞ்சின் விமானம் புதிதாக இரண்டு வாங்கியிருக்கிறார்கள். அதை ஓட்டப் பழக இந்தப் பெட்டி.

அதன் சத்தத்துக்கான வயர்களை நான் கட்டினேன். விமானியின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள் இருக்கும். இடது எஞ்சின் சத்தம் இடப்பக்கம், வலது வலப்பக்கம். பெட்டியின் பின்னால் நின்று கட்டும்போது இடமும் வலமும் மாறிப்போகும். எல்லோருக்கும் மாறும். அதனால்தான் எங்களுக்கு 'இழுப்பு' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் வரைபடத்தைப் பார்த்து வாசிக்க, மற்றவர் அந்த வயரை மெல்ல இழுத்துப் பார்த்து, அது போய்ச் சேரும் இடத்தைத் தொட்டுக்காட்ட வேண்டும். எல்லா வயரும் முடிந்தபிறகு இருவரும் தாளில் முத்திரை குத்துவோம். முத்திரையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

எனக்கு இழுப்புக்கு வருகிறவர் ஒரு அக்கா. மன்னார்க்காரி, வேதக்காரி, அதாவது கிறிஸ்தவர். என்னைப்போலவே வில்லரே பகுதியில் இருப்பவர். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம். அவருடைய முத்திரையில் ஏற்கெனவே ஒரு பிழை பதிவாகியிருந்தது. இன்னொன்று வந்தால் முத்திரையைப் பறித்துவிடுவார்கள்.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் அப்பா போனார். காலை வேலைக்குப் போன மனிதர், பெட்டி வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் விழுந்தார். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. கொடுத்த லீவு செத்தவீட்டோடு முடிந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் படையலுக்கு ஒரு ஆள் இல்லை. நான் ஒருத்திதான். நண்டுக் கறி வைக்க வேண்டும், அவருக்கு விருப்பமான கணவாய் பொரிக்க வேண்டும். மத்தியானம் ஸ்பீக்கர் வயர்களுக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

அக்கா வந்து தாளை வாங்கினார். "இழுத்துப் பாத்தனியோ?"

"இல்லையக்கா."

"கட்டினது நீதானே. நீ எப்ப பிழை விட்டனீ? போ. போய்ச் சமை. பொழுதுபடமுன்னம் படைக்க வேணும்."

"உங்களுக்கு எப்பிடி அக்கா தெரியும்? நீங்கள் வேதம்."

"வேதக்காரி எண்டால் சாப்பாட்டு நேரம் தெரியாதோ? உன்ரை முத்திரையைக் குத்திப்போட்டு ஓடு. நான் என்ரையை அடிச்சு விடுறன்."

குத்தினேன். ஓடினேன். நண்டு சமைத்தேன். படைத்ததை இலையில் கட்டிக் கொண்டுபோய், வழக்கப்படி வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையின் முடிவில் வைத்தேன். ஒரு அணில் வந்து மோந்துபார்த்துவிட்டுப் போனது.

மூன்று மாதம் கழித்து அந்த நாட்டு விமானிகள் வந்தார்கள். எல்லாச் சோதனையும் முடிந்து பெட்டி தயாராக இருந்தது. சத்தத்துக்கும் சோதனை உண்டு. விமானியின் தலை இருக்கும் இடத்தில் ஒரு மைக் வைத்து, சத்தம் எவ்வளவு என்று அளப்பார்கள். ஒரே ஒரு மைக். சத்தம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அதற்குத் தெரியாது.

வயரில் ஏதும் கோளாறு வந்தால் பார்க்க, முதல் வாரம் எங்களில் ஒருவர் பின் ஆசனத்தில் இருக்க வேண்டும். என்னை அனுப்பினார்கள்.

வந்தவர்களில் ஒரு விமானிக்கு என் வயதுதான் இருக்கும். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு, அதனால் நன்றாகக் கதைத்தோம். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "எங்கடை பழைய பிளேனிலை எஞ்சினை நிப்பாட்டிப் பழகேலாது. நிப்பாட்டினால் பேந்து அது எழும்புமோ தெரியாது. அதாலை எஞ்சின் நிண்டால் என்ன செய்யிறதெண்டு கப்டன் வாயாலைதான் சொல்லித்தந்தவர். நீச்சலைக் கடுதாசியிலை பழகின மாதிரி."

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "உங்கடை பிளேன் குண்டு போடுமோ?"

அவர் சிரிக்கவில்லை. "பின்னாலை கதவு இருக்கு. இதுவரைக்கும் அரிசிதான் போட்டிருக்கிறம்."

பாலம் தூக்கப்பட்டது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். பயிற்சியாளர் என் பக்கத்தில் ஒரு திரைக்கு முன்னால் இருந்தார். ஓய்வுபெற்ற விமானி, பெரிய மீசை, பொறுமை குறைவு. விமானம் ஓடுபாதையில் ஓடி எழும்பியது. எழும்பின கையோடு அவர் திரையில் தொட்டு இடது எஞ்சினை நிறுத்தினார்.

சத்தம் வலப்பக்கத்தில் செத்தது.

எனக்கு உடனே தெரிந்தது. இடமும் வலமும் மாறியிருந்தன. மீட்டரில் இடது ஊசி விழுகிறது, பெட்டி இடப்பக்கம் இழுக்கிறது, காது மட்டும் வலது என்கிறது. நின்ற எஞ்சினின் கைபிடியைத்தான் இழுத்து மூட வேண்டும். விமானியின் கை வலது கைபிடிக்குப் போனது, நின்றது, திரும்பி வந்தது. அதற்குள் திரையில் தரை வந்துவிட்டது. பெட்டி ஒருதரம் குலுங்கி நின்றது.

"நல்லா ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினை நிப்பாட்டப் போனாய்," என்றார் பயிற்சியாளர். "எல்லாரும் செத்தாச்சு. மீட்டரைப் பார். திருப்பிச் செய்."

திருப்பிச் செய்தார்கள். நாலுமுறை. நாலுமுறையும் அவருடைய கை ஒருகணம் பிழையான பக்கம் போனது. மற்ற விமானிகள் காதை விட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துத் தப்பினார்கள். இவருக்குக் காதுதான் முதல். எனக்கு அது விளங்கியது. கடைசியில் பயிற்சியாளர் சொன்னார்: "நாளைக்கும் இப்பிடி எண்டால் உன்னை வீட்டை அனுப்பச் சொல்லி எழுதுவன்."

அந்த இரண்டு மணித்தியாலமும் நான் வாயே திறக்கவில்லை. கதவு பூட்டியிருந்தது. பூட்டாமல் இருந்திருந்தாலும் என்னால் எழும்பியிருக்க முடியாது. நான் சொன்னால் அந்தத் தாளை எடுப்பார்கள். அதில் இரண்டு எண் இருக்கும்.

மத்தியானம் அக்காவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"நிச்சயமோ?"

"ஓமக்கா. மாறித்தான் கட்டியிருக்கிறன்."

"சத்தம்தானே பிள்ளை. அவங்கள் மீட்டரைப் பாத்துத்தானே ஓட்டுறவங்கள்."

"அவன் காதாலை ஓட்டுறவன் அக்கா. இஞ்சை பழகினதை அங்கை போயும் செய்வான். நல்ல எஞ்சினை நிப்பாட்டிப்போடுவான்."

"அப்ப இண்டைக்குப் பின்னேரம் ஆருக்கும் தெரியாமல் மாத்திப்போடன்."

"ஏலாதக்கா. சோதனை முடிஞ்சு ஈயச் சீல் வச்சுப் பூட்டியாச்சு. பூட்டை உடைச்சால் எழுதித்தான் உடைக்க வேணும்."

அக்கா சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தார். பிறகு, "நான் உன்னை வீட்டை போகச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். அது எனக்கு ஏச்சைவிட மோசமாக இருந்தது. "சொல்லாதை எண்டு நான் சொல்லமாட்டன். சொல்லு எண்டும் என்னட்டைக் கேளாதை."

அன்று வீட்டுக்குப் போய் ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்பதற்கு அப்பா இல்லை. இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தெரியவில்லை. விமானப்படை என்றால் அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போயிருப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு உதவி செய்ய, எனக்கு உதவி செய்த மனுசியைக் காட்டிக்கொடுக்கப் போகிறேனா என்று யோசித்தேன். அந்தப் பின்கதவையும் யோசித்தேன். அரிசியையும் யோசித்தேன். ஒன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அடுத்தநாள் காலை மறுபடியும் பாலம் மேலே போனது. அந்த விமானிதான் முதலில். அவருடைய கழுத்தின் பின்பக்கம் ஏற்கெனவே நனைந்திருந்தது. விமானம் எழும்பியது. பயிற்சியாளரின் விரல் திரைக்குப் போனது. சத்தம் பிழையான பக்கத்தில் சாகத் தொடங்கியது. விமானியின் கை கைபிடிகளுக்கு நடுவில் நின்றது.

என் ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. நெருப்புப் பிடித்தால், யாரும் மயங்கினால் அமத்துவதற்கு. நான் அதை அமத்தினேன். திரை கறுத்தது. பெட்டி மெல்லக் கீழே இறங்கியது.

பயிற்சியாளர் திரும்பினார். "என்ன?"

"சத்தம் பக்கம் மாறி வருது. வயரைக் கட்டினது நான். இழுத்துப் பார்க்கேல்லை."

விமானி ஆசனத்தைவிட்டு எழும்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமா நிம்மதியா என்று தெரியவில்லை. "எனக்குத்தான் விசர் பிடிச்சிட்டுதெண்டு நினைச்சன்," என்றார்.

மாற்றிக்கட்ட அரைமணித்தியாலம் பிடித்தது. பிறகு அவர் ஆறுமுறை எஞ்சினை இழந்து ஆறுமுறையும் பத்திரமாக இறங்கினார். நான் உள்ளே இருந்து பார்த்தேன். வெளியே, கண்ணாடி அறையில், மேலாளர் தாளை எடுத்து வைத்திருந்தார். பிழை என்னுடையது மட்டும்தான் என்று மூன்றுமுறை சொன்னேன். அவர் தன் பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் நிதானமாக, இரண்டாவது முத்திரை எதற்கு இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

அக்காவின் முத்திரையை வாங்கிவிட்டார்கள். பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். என்னை வேலையைவிட்டு நிறுத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். நிறுத்தவில்லை. மைக்குக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறதாம். இனி ஒவ்வொரு பெட்டியின் சத்தத்தையும் நான் உள்ளே இருந்து கேட்டுச் சொல்ல வேண்டுமாம். மேலாளரின் கண்ணில் அது எனக்குப் பதவி உயர்வு. மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். பதுங்குகுழியில் இருந்து நான் கொண்டுவந்த காரணத்தை ஆங்கிலத்திலும் சொல்லத் தெரியாது, பிரெஞ்சிலும் தெரியாது. ஓம் என்று தலையாட்டினேன்.

இப்போது ஒவ்வொரு நாளும் பாலம் மேலே போகும்போது நான் உள்ளே இருக்கிறேன். பழைய விமானங்களை விட்டுப் புதிது வாங்கும் சின்ன நாடுகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் எஞ்சினும் ஒவ்வொரு மாதிரிக் கத்துகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, சரி, பிழை என்று எழுதுகிறேன்.

அக்காவும் நானும் வீட்டுக்குப் போவது ஒரே பஸ்ஸில்தான். வேறு பஸ் இல்லை. முதல் மாதம் அவர் முன்னுக்கே போய் இருந்தார். போன கிழமை இடம் இல்லாமல் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"நீ செய்தது சரிதான் பிள்ளை. அதுக்காக எனக்குக் கோபம் இல்லையெண்டு நினையாதை."

"ஓமக்கா."

"அந்தப் பெடியன் பாஸோ?"

"பாஸ். நாட்டுக்குத் திரும்பிப் போயிட்டான்."

"அவன் போயிட்டான். நாங்கள் இஞ்சை இருக்கிறம்," என்றார் அக்கா. பிறகு பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மெட்ரோ நிலையம் வரை இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.