பொறுமையக்காவும் உரிந்த பாலிஷும்

நகப்பூச்சுக்கு வரும் வியாதிகளில் முக்கால்வாசி அவசரத்தால் வருபவை. ஒரே பூச்சில் வேலையை முடித்துவிடலாம் என்று தடிமனாக இழுத்தால் மேலே காய்ந்து உள்ளே கூழாக நிற்கும். பாட்டிலைக் குலுக்கினால் காற்றுக் குமிழி எழும். ஃபேனுக்கு அடியில் கையை நீட்டினாலும் அதே குமிழி. காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தால், காயவில்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கைரேகை பதியும். இத்தனையையும் கரைத்துக் குடித்திருந்தவள், தன் சொந்த வாழ்க்கையில் எதற்குமே காத்திருக்கத் தெரியாதவள். ஆட்டோ நிற்பதற்குள் இறங்குவாள். எதிராளி வாக்கியத்தை முடிப்பதற்குள் பதில் சொல்வாள். அதனால்தான் அவள் வேலை பார்த்த அழகு நிலையத்தில் முடி வெட்டும் அண்ணன் அவளுக்குப் பொறுமையக்கா என்று பெயர் வைத்தார். அவளுக்கு அதில் கோபம்தான். ஆனால் கோபம் அவளுக்கு எதில்தான் இல்லை?

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். "முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் வேணும்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று ஒரு வக்கீலிடம் பாய்ந்ததில் அந்த வேலை போயிற்று. ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் சில காலம் உட்கார்ந்தாள். அங்கே வலியோடு வந்தவர்கள், இவளிடம் பேசிய பிறகு வலியே தேவலை என்று திரும்பிப் போனதாகப் பேச்சு. கடைசியில் நகக்கலை வகுப்பில் சேர்ந்தாள். வந்தவரின் இரண்டு கையும் தன் பிடியில் இருக்கும், எழுந்து ஓட முடியாது. தனக்கு ஏற்ற தொழில் இதுதான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

கை மட்டும் அவள் வாய்க்கு நேர் எதிர். பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள். மெல்லிசாக மூன்று இழுப்பு: நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. பிறகு நகத்தின் விளிம்பையும் பிரஷ்ஷால் ஒரு தடவை தொட்டு மூடுவாள். ஹேர்பின் முனையால் புள்ளி வைப்பாள். மேக்கப் பஞ்சில் இரண்டு நிறத்தை அடுத்தடுத்துத் தடவி நகத்தில் ஒற்றி எடுத்தால், ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கரைந்து போயிருக்கும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்டவளின் பாலிஷ்தான் திடீரென்று உரிய ஆரம்பித்தது.

ஓரத்தில் கொஞ்சம் பெயர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். இது அப்படியில்லை, நகத்தின் அளவுக்கு முழுசாக, ஸ்டிக்கர் மாதிரி கழன்று வந்தது. ஒருத்தி தலைமுடியைக் கோதியபோது வந்ததென்றாள். இன்னொருத்தி பையில் கைவிட்டுச் சாவியைத் தேடியபோது, சாவிக்கு முன்னால் கட்டைவிரல் பாலிஷ் கிடைத்ததாம். பொறுமையக்கா எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு எழுதினாள்: நீங்கள்தான் ஏதோ செய்திருக்கிறீர்கள்.

அப்புறம் கவுன்டர் மேடம் வந்தார்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் இருட்டில் இருக்கும். கீழே உள்ள ஓட்டை வழியாக வெளியே வருவது பத்து விரல்கள் மட்டும். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது, அவர் நகங்களைத் தெரியும். "எங்க போட்டீங்க?" என்று ஓட்டைக்குள் குனிந்து கேட்டு, இவளைத் தேடி வந்தவர்களே ஏராளம். அந்த மேடம் கைப்பையைத் திறந்து ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து மேசைமேல் விரித்தார். உள்ளே ஐந்து சிவப்புத் தோல்கள், ஒன்றுகூடக் கிழியாமல்.

"எண்ணிப் பாத்துக்கோ. மிச்சம் அஞ்சும் பாதி வழியில இருக்கு."

"பாத்திரம் தேய்ச்சீங்களா?"

"எங்க வீட்ல மெஷின் தேய்க்குது."

"டப்பா மூடிய நகத்தால நெம்பினீங்களா? விலை ஸ்டிக்கர் உரிச்சீங்களா? சுடுதண்ணில ரொம்ப நேரம் கைய ஊற வச்சீங்களா?"

"நான் டிக்கெட் குடுக்கிறவ, தாயே. சுரங்கம் தோண்டறவ இல்ல."

"ஏதோ ஒண்ணு பண்ணாம சும்மா உரியுமா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்!"

முடி வெட்டும் அண்ணன் கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். கதவருகே நின்றிருந்த ஓனரம்மா எதுவும் பேசவில்லை. அவர் எப்போதுமே எதுவும் பேசமாட்டார். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. நினைத்ததை ஓசைப்படாமல் செய்துவிட்டு, கண்டுபிடிக்கப்பட்டால் புன்னகை செய்வது அவர் வழக்கம்.

மறுநாள் காலை ஒரு பிளம்பர் வந்து பொறுமையக்காவின் மூலையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"என்ன அளக்கறீங்க?"

"தலை கழுவுற தொட்டிங்க. ஓனரம்மா சொன்னாங்க. இந்த மேசைய எடுத்துட்டா சரியா உக்காந்துரும்."

பொறுமையக்கா உள்ளே போன வேகத்தில் திரைச்சீலை கழன்று விழுந்தது. ஓனரம்மா புன்னகை செய்தார்.

"தொட்டி வர்றதுக்கு இன்னும் நாளாகும்மா. அதுக்குள்ள அந்த டிக்கெட் மேடம் வந்து, நல்லா நிக்குதுன்னு அவங்க வாயால சொல்லட்டும். நான் பிளம்பர வேண்டாம்னு சொல்லிடறேன். அவங்க கையத்தான ஊரே பாக்குது?"

"அவங்க வாய் அதுக்காகத் தொறக்குமா?"

"நீ கொஞ்சம் மூடினா தொறக்கும்."

அவ்வளவு நீளமாக ஓனரம்மா பேசி யாரும் கேட்டதில்லை. விஷயம் முற்றிவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்தது.

பொறுமையக்காவின் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மனைவிக்குக் கிடைக்காமல் போன பொறுமையெல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றியதும் அவள் சொன்னாள்: "கைய நீட்டுங்க."

"சாப்பிட்டுட்டு..."

"நீட்டுங்கன்னா."

கடையிலிருந்து அதே சிவப்பு, அதே அடிப்பூச்சு, அதே மேல்பூச்சு எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தாள். கிரீஸ் போக அவர் நகங்களை வீட்டு அலமாரியில் கிடந்த பழைய பாலிஷ் ரிமூவரால் துடைத்து, இடது கை ஐந்துக்கும் பூசினாள். காய்ந்த பிறகு, அவள் வழக்கமாக வாடிக்கையாளர்மேல் சுமத்தும் குற்றங்கள் ஒவ்வொன்றையும் அவரைச் செய்ய வைத்தாள். அவர் பாத்திரம் தேய்த்தார். டப்பா மூடிகளை நகத்தால் நெம்பினார். ஊறுகாய் பாட்டிலின் லேபிளைச் சுரண்டினார். அப்படியே வேலைக்கும் போனார்.

"கேக்கறவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"வீட்ல ஆராய்ச்சி நடக்குதுன்னேன். ஒரு வீட்டம்மா, எங்க போட்டீங்கன்னு கேட்டாங்க. உன் கடை பேரு சொல்லிருக்கேன்."

அந்த வாரம் முழுவதும் கம்ப்ரசரைக் கழற்றினார், கம்பி முறுக்கினார், ஐஸ் சுரண்டினார். பாலிஷ் உரியவில்லை. ஓரத்தில் ஒரு சின்ன விரிசல்கூட இல்லை. தினமும் அவர் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவளுக்கு எரிச்சல்தான் கூடிக்கொண்டே போனது. உரிந்திருந்தால் பாலிஷ்மேல் பழி போட்டிருக்கலாம். இப்போது பாலிஷும் நிரபராதி, பாத்திரம் தேய்த்தவர்களும் நிரபராதி. இத்தனை பேரைத் திட்டியது வீண்.

"அப்ப வித்தியாசம் எங்கதான் இருக்கு?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டே கத்தினாள்.

"எனக்குப் பூசறதுக்கு முன்னாடி எதையோ வச்சுத் துடைச்சியே, கடையிலயும் அதேதானா?"

அதே ரிமூவர்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். கடையில் ரிமூவர் ஒரு பம்ப் பாட்டிலில் இருக்கும். காலியாக ஆக ஓனரம்மா நிரப்பி வைப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததேயில்லை. பார்க்க நேரம் எங்கே?

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக முகம் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு துளி வைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழையதில் ஒன்று, பம்ப் பாட்டிலில் இருந்து ஒன்று. அவை உலரும்வரை அவள் பேசாமல் நின்றதைப் பார்த்து, முடி வெட்டும் அண்ணன் உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். பழையது தடமே இல்லாமல் பறந்துவிட்டது. மற்றது இருந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம். விரலை வைத்தால் வழுக்கியது.

"இதுல எண்ணெய் இருக்கு! யாரு மாத்தினது?"

ஓனரம்மா இந்தத் தடவை புன்னகை செய்யவில்லை.

"நீதானேம்மா விரல் நுனியெல்லாம் வெடிக்குது, ரிமூவர் எரியுதுன்னு பொழுதுக்கும் புலம்பின? பாக்கப் பாவமா இருந்துச்சு. தோலுக்கு இதமா, எண்ணெய் கலந்தது ஒண்ணு இருக்குன்னாங்க. வாங்கி ஊத்தி வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா ஏன் மாத்தினீங்கன்னு கத்துவ."

அப்போதும் அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள். வருகிறவர்களின் நகத்தையெல்லாம் துடைப்பதாக நினைத்து, எண்ணெய் தடவிவிட்டு, அதன்மேல் பூசியிருக்கிறாள். எண்ணெய்மேல் எது ஒட்டும்?

"பழையதையே வாங்கிடறேன், விடு" என்றார் ஓனரம்மா.

அப்போதுதான் பொறுமையக்கா தன் விரல்களைப் பார்த்தாள். நுனியில் ஒரு வெடிப்பும் இல்லை. எரிச்சலும் இல்லை. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அடுத்தவர்களின் நகத்தைத் திட்டிக்கொண்டிருந்த மும்முரத்தில் கவனிக்கவேயில்லை. ஒரு மனுஷியை நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"வேண்டாம்" என்றாள். "இதுவே இருக்கட்டும். துடைச்சதும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஸ்பிரிட் வச்சு ஒருக்கா துடைச்சா எண்ணெய் போயிடும். கீழ மருந்துக் கடையில கிடைக்கும். என்ன, அது காயற வரைக்கும் கொஞ்சம் சும்மா இருக்கணும்."

"யாரு, நீயா?" என்றார் முடி வெட்டும் அண்ணன்.

வைத்தியம் கிடைத்துவிட்டது. நோயாளியை வரவழைக்க வேண்டுமே. கவுன்டர் மேடம் போனை எடுக்கவில்லை. ஆகவே பொறுமையக்கா ரயில் நிலையத்துக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையும் முந்தாமல் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற கிழவர் சில்லறையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஓட்டையில் மேடத்தின் விரல்கள் தெரிந்தன. பத்தும் வெறும் நகம். ஏதோ வீட்டுச் சுவரில் வெள்ளையடிக்காமல் விட்டது போலிருந்தது.

"எங்க?" என்றது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல்.

"எங்கயும் போகல மேடம். நான்தான். உங்க நகம்..."

"எந்த ஊருன்னு சொல்லு. இல்லன்னா தள்ளு. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

"தப்பு உங்க மேல இல்ல. எங்க ரிமூவர்ல எண்ணெய் இருந்துச்சு. நான் பாக்கல. உங்களப் போட்டுத் திட்டினது என் தப்பு."

"சத்தமா சொல்லு. இந்தக் கண்ணாடியில ஒண்ணும் கேக்காது."

கேட்டது என்று அவளுக்குத் தெரியும். வரிசை முழுவதற்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள். பின்னாலிருந்து ஒருவர், "மன்னிச்சு விடுங்க மேடம், எனக்கு ரயில் கிளம்பிரும்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றது குரல். "இப்ப சும்மா போகாத. ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிட்டுப் போ. வரிசையில நின்னதுக்குக் கணக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். சோப்பு, ஸ்பிரிட், அடிப்பூச்சு, பிறகு பஞ்சால் ஒற்றி எடுத்த நீலம், நுனிக்குப் போகப் போக வெளிறி வெள்ளையாகக் கரைகிற மாதிரி. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் பொறுமையக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேல்பூச்சு போட்ட சிறிது நேரத்தில் மேடம் மோதிர விரலை மற்றக் கைக் கட்டைவிரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். குழி விழுந்தது. பொறுமையக்காவின் வாய் திறந்தது; ஓனரம்மாவைப் பார்த்தாள், வாய் மூடிக்கொண்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய ரிமூவரில் தோய்த்த விரல் நுனியால் அந்தக் குழியை லேசாக நீவி, மேலே மெல்லிசாக ஒரு இழுப்பு இழுத்தாள். தடம் தெரியவில்லை. அவள் கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

மேடம் மறுபடி வந்தது, பிளம்பர் தொட்டியைப் படியேற்றிக்கொண்டிருந்த நாளில். வந்ததும் இரண்டு கையையும் மேசைமேல் போட்டார்.

"என்ன வேலை இது? ஒண்ணுகூட உரியல! இந்த நீலம் எனக்கு அலுத்துப்போச்சு. போன தடவை மாதிரி உரிச்சு எடுத்துடலாம்னு பாத்தா வரமாட்டேங்குது."

"அதத் துடைச்சு எடுக்க நான் இருக்கேன்ல மேடம்!"

"அதுக்காக நான் ஒவ்வொரு வாட்டியும் இங்க வரணுமா?"

"ஆமா, வரணும்!"

ஓனரம்மாவுக்கு இது போதுமானதாக இருந்தது. பிளம்பரைக் கூப்பிட்டு, மேசை இருக்கும் மூலை வேண்டாம், பக்கத்திலிருக்கும் சோபாவை எடுத்துவிட்டு அங்கே தொட்டியை வைத்துவிடுங்கள் என்றார். இதையும் அவர் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆகவே பொறுமையக்காவின் மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி இப்போது நாளெல்லாம் தண்ணீர் தெறிக்கிறது. தலை கழுவியவர்களுக்கு ஹேர் டிரையர் போடும்போது அந்தச் சூடான காற்று நேராக அவள் பூசி வைத்த நகங்கள்மேல் அடித்துக் குமிழி கிளப்புகிறது. "அண்ணே, மிஷினை அந்தப் பக்கம் திருப்புங்கண்ணே!" என்று அவள் கத்துவது கீழே மருந்துக் கடைவரை கேட்கிறதாம்.