அக்கா தட்டிலிருந்து வந்த கோழி

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் அக்கா திடீரென்று நல்லவளாகிவிட்டாள். அதுவரை தன் தட்டிலிருக்கும் பொரித்த கோழியை நான் உற்றுப் பார்த்தாலே மேசைக்கடியில் உதைப்பவள், அம்மா அடுப்புப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து அதை என் தட்டுக்குத் தள்ள ஆரம்பித்தாள்.

"சாப்பிடு. அம்மாகிட்ட சொல்லாத லா."

நான் ஏன் சொல்லப்போகிறேன்?

அந்தத் தீபாவளிக்குச் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்திருந்த அத்தை, எல்லார் முன்னாலும் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னடி, இப்பவே அம்மா சைஸுக்கு வந்துட்ட?" என்று கேட்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அவள் சோற்றைச் சாப்பிடாமல் தட்டு முழுக்கப் பரப்பி வைக்கக் கற்றுக்கொண்டாள். பினாங்கு வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தாள். அது ஏதோ புது ஃபேஷன் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒருநாள் சூலியா தெருவில் அம்மாவோடு நடந்துகொண்டிருந்தபோது அக்கா அப்படியே சரிந்து விழுந்தாள். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவளைத் தாங்கிப் பிடித்த அம்மா, ஸ்வெட்டருக்குள் இருந்த தோளைத் தொட்டதும் தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டார்.

அதன்பின் மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். குளியலறையில் இருந்த எடை மெஷின் காணாமல் போனது. அடுத்த முறை வந்த அத்தை, "ஐயோ, இப்ப என்ன இப்படி..." என்று ஆரம்பித்தார். தன் தமக்கையை ஒருநாளும் எதிர்த்துப் பேசியறியாத அப்பா குறுக்கிட்டார்.

"வேணாம்க்கா. பிள்ளை உடம்பப் பத்தி இனிமே இந்த வீட்டுல யாரும் பேச வேணாம்."

அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் திரும்பவும் வந்தார். அன்று முழுக்க மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அப்பா தொழிற்சாலையில் கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, தினமும் சாயங்காலச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிப் பழகிய மனிதர், இப்போது அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து பருக்கை பருக்கையாக மென்றார். அக்கா சில நாள் தட்டைப் பார்த்து அழுவாள். அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொள்வார். நானும் அம்மாவும் எழுந்துபோன பிறகும், அக்கா கடைசி வாயை விழுங்கும்வரை, அவர் தட்டில் கொஞ்சம் சோறு மிச்சமிருக்கும்.

அக்கா தேறிவர நெடுநாள் பிடித்தது. அவ்வளவு நாளும் அப்பாவுக்குப் பல்வலி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.